பிசினா, அரக்கா, குங்கிலியமா: பழைய வீட்டுச் சாமானை ஒட்ட எது தோது?

செட்டிநாட்டில் பங்காளிகள் கூடிப் பெரிய வீட்டைத் திறந்து ஒதுங்கவைக்க ஆரம்பித்தால், ஒட்ட வேண்டிய சாமான் ஒரு மூலையில் குவிந்துவிடும். முதுகு கழன்ற பேரேடு, சமிக்கி உதிர்ந்த ரவிவர்மா படம், பிடி ஆடும் கத்தி, மூடி விண்டுபோன பீங்கான் ஜாடி, கால் கழன்ற முக்காலி, பர்மாவிலிருந்து வந்த அரக்குச் செப்பு. கடையில் வெள்ளைப் பசை டப்பா இருக்கும்போது பிசினை ஊறவைத்து வடிகட்டிக்கொண்டு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். புதிதாகச் செய்யும் அலமாரிக்கு நானும் வெள்ளைப் பசையைத்தான் சொல்வேன்.

பழைய சாமானின் சங்கதி வேறு. இன்றைக்கு நாம் ஒட்டுவதை நம் பிள்ளைகள் காலத்தில் யாராவது பிரித்து மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். இறுகிப்போன வெள்ளைப் பசையைப் பிரிக்கப் போனால் பசை அசையாது, அதோடு சேர்ந்து தாளும் மரநாரும் பிய்ந்து வரும். அதனால் ஒரு பசையைப் பற்றி நான் முதலில் பார்ப்பது அது எதற்கு விடும் என்பதைத்தான். தண்ணீருக்கு விடுமா, சூட்டுக்கு விடுமா, சாராயத்துக்கு விடுமா? ஒட்டப்போகும் சாமான் அந்த ஒன்றைத் தாங்குமா? இது தெளிந்துவிட்டால் எந்தப் பசை என்பது பாதி முடிவான மாதிரி. கெட்டி எவ்வளவு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தம்ளர் சோதனை

மரத்திலிருந்து வடிகிற எல்லாம் ஒரே குணம் கொண்டவை இல்லை. ராத்திரி மூன்று தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் கருவேலம் பிசின், ஒன்றில் பாதாம் பிசின், ஒன்றில் குங்கிலியம் என்று ஒவ்வொரு துண்டு போட்டு வையுங்கள். காலையில் முதல் தம்ளரில் துண்டு இருக்காது. தண்ணீர்தான் தேன் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். இரண்டாவதில் போட்ட துண்டு பல மடங்கு ஊதி, நுங்குச் சதையாக நிற்கும். மூன்றாவதில் போட்டது போட்டபடி அடியில் கிடக்கும்.

முதல் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்கள். ஒன்று தண்ணீரில் முழுக்கக் கரைகிறது, மற்றது தண்ணீரைக் குடித்து வீங்குவதோடு சரி. முருங்கைப் பிசினும் இந்த வீங்குகிற கூட்டம்தான். கொல்லையில் சும்மா வடிகிறதே என்று பலர் அதை எடுத்துப் பசை செய்யப் பார்க்கிறார்கள். காய்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும், மெனக்கெட வேண்டாம். மூன்றாவதான குங்கிலியம் எண்ணெய்க் குணம் கொண்டது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. சூட்டில் இளகும், எண்ணெயிலும் சாராய வகைகளிலும் கரையும். சாம்பிராணி இதற்கு உறவு. அரக்கும் சூட்டில் இளகுவதுதான், ஆனால் அது மரத்தின் சரக்கே இல்லை. புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி கக்குவது அது. இதற்கென்றே ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924இல் அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

தாள் வேலைக்கு

தாளுக்கும் படத்துக்கும் மரப்பிசின்களில் முதலிடம் கருவேலத்துக்கு. நம் பக்கத்துக் கண்மாய்களில் சமூகக் காடாக வளர்த்த மரம் அது. கோடையில் கிளை ஒடிந்த இடத்திலும் பட்டை வெடித்த இடத்திலும் பிசின் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பொது மரம் என்பதால் அரிவாளால் கொத்திக் காயப்படுத்துவது கூடாது. தானாக வடிந்து காய்ந்ததைக் கிள்ளி எடுத்தாலே ஒரு வீட்டு வேலைக்குத் தேறும். அலைய முடியாதவர்களுக்கு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அங்கே ‘கோந்து’ என்று மட்டும் கேட்டால் நாலு மரத்துப் பிசினைக் கலந்து பொட்டலம் கட்டிவிடுவார்கள். வேலம் பிசின் என்று சொல்லிக் கேளுங்கள். வாங்கியதில் ஒரு துண்டைத் தம்ளரில் போட்டுப் பாருங்கள், கரையாமல் ஊதினால் அது வேறு சரக்கு.

செய்கிற விதம் சுலபம், அவசரப்பட்டால்தான் கெடும். பட்டைத் துணுக்கு, மண், எறும்பு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, வெளுத்த துண்டு தனி, கறுத்த துண்டு தனி என்று பிரியுங்கள். வெளுத்தது படத்துக்கு, கறுத்தது உறைக்கும் லேபிளுக்கும். உரலில் ரவைப் பருவத்துக்கு இடித்தால் போதும். மாவாக்கினால் தண்ணீர் பட்டதும் மேலே பிசுபிசுத்து, உள்ளே உலர்ந்த கட்டியாக நின்றுவிடும். எடையில் ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு, கொதித்து ஆறிய தண்ணீர். கலக்கி மூடி ஓர் இரவு. அடுப்பில் ஏற்ற வேண்டாம், கொதித்தால் நிறமும் கறுக்கும், ஒட்டும் பலமும் குறையும். மறுநாள் மல்துணியில் ஊற்றித் தானாக இறங்க விட வேண்டும். பொறுமையில்லாமல் பிழிந்தால் பட்டைத் தூசியும் கூடவே வந்து படத்தில் மஞ்சள் கறை வைக்கும். வடிந்ததில் சில சொட்டுத் தேன் விட்டால் காய்ந்தபின் வெடிக்காது. தேன் கூடிப்போனால் ஐப்பசி மழையில் ஒட்டிய இடம் கசகசத்து எறும்பைக் கூப்பிடும். பூஞ்சைக்கு ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

இந்தப் பசை எங்கே ஜெயிக்கிறது என்றால் ரவிவர்மா படத்தில். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் இல்லாத வளவு வீடு நம் ஊரில் அபூர்வம். அந்தப் படங்களுக்குப் பட்டுத் துணி உடுத்தி, ஜரிகை வைத்து, சமிக்கி ஒட்டி அலங்கரித்தார்கள். கண்ணாடியைக் கழற்றினால் சட்டத்தின் அடியில் உதிர்ந்த சமிக்கி அரைப் பிடி கிடக்கும். ஒவ்வொன்றையும் குறடால் எடுத்து, பின்பக்கம் குச்சி முனையால் கடுகளவு பிசின் தொட்டு, பழைய பசை வட்டம் தெரிகிற இடத்திலேயே வைத்து அழுத்தலாம். பிசகினால் ஈரப் பஞ்சு முனை பட்டதும் விட்டுக்கொடுக்கும். வெள்ளைப் பசையிடம் இந்தத் தயவு கிடையாது.

வேறு மரப்பிசின்கள்? வேப்பம் பிசின் நன்றாகக் கரையும், நிறம் கொஞ்சம் தூக்கல். படம் தவிர மற்றதற்கு ஆகும். விளாம் பிசின் கிடைத்தால் விடாதீர்கள். ஒடிசாவில் பட்டசித்திரம் எழுதுகிறவர்கள் வண்ணம் குழைப்பது இதில்தான், அவ்வளவு தெளிவு. சிக்கல் என்னவென்றால் தேடித்தான் எடுக்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புள்ள உறவினர் இருந்தால் முந்திரிப் பிசினைக் கேட்டு வாங்கலாம். புத்தகம் கட்ட அது பழகிய சரக்கு, பூச்சி அவ்வளவாக அண்டாது என்று பெயர். நம் ஊரில் எங்கே பார்த்தாலும் நிற்கும் சீமைக்கருவேலும் பிசின் விடும், ஒட்டவும் செய்யும். ஆனால் கறுப்பு. பழைய தாளில் நான் வைக்க மாட்டேன்.

பேரேட்டின் முதுகுக்கு வந்தால் மரப்பிசினைக் கை கழுவ வேண்டியிருக்கிறது. முதுகு என்பது திறக்கும்போதெல்லாம் வளையும் இடம். பிசின் அங்கே காய்ந்து கண்ணாடியாகி, பத்துத் தடவை புரட்டியதும் தெறித்துவிடும். பைண்டிங்காரர்கள் மைதாப் பசை காய்ச்சுவது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை, அது வளைந்து கொடுக்கும். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, ரப்பர் மாதிரி திரளும் சக்கையை எறிந்துவிட்டு, அடியில் படியும் மாவை மட்டும் காய்ச்சினால் இன்னும் உத்தமம். அவர்கள் பூச்சிக்குப் போடும் மயில்துத்தத்தை மட்டும் பழைய கணக்குப் புத்தகத்தில் வேண்டாம் என்பேன். விஷம் என்பது ஒருபுறம், அதிலுள்ள செம்பு நாளாக நாளாகத் தாளை மொறுமொறுக்க வைக்கும். புளியங்கொட்டைப் பசை மைதாவைவிடப் பிடிமானம் அதிகம். வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சும் வேலையும் அதற்கேற்ப அதிகம். பொம்மைக்கும் அட்டைக்கும் அது தோது, புத்தகத்துக்கு வைத்தால் கொஞ்சம் விறைக்கும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடிச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீஸ்களும் பிறகு சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் மொய் ஏடோ ரங்கூன் கடைக் கணக்கோ நாளைக்கு ஓர் ஆராய்ச்சியாளர் மேசைக்குப் போகாது என்று யார் கண்டது? தண்ணீருக்கு விடுகிற பசையாக இருந்தால் அங்கே இருப்பவர்கள் நம்மைத் திட்டாமல் வேலை பார்ப்பார்கள்.

கத்திப் பிடிக்கு அரக்கு

ஆடும் கத்திப் பிடிக்கு அரக்குதான், இதில் போட்டியே இல்லை. வெள்ளைப் பசை இரும்பில் நிற்காது, பிசினோ ஒரு கழுவலில் போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று சுள்ளியோடு வருவதை உடைத்து, சாயத் தண்ணீர் வெளுக்கும்வரை அலசி உலர்த்திக்கொள்ளலாம். பாலிஷ் சாமான் விற்கும் கடையில் தகடு தகடாகச் சுத்தம் செய்தே கிடைக்கும். தபாலுக்கு முத்திரை வைக்கிற சிவப்புக் குச்சி வேண்டாம், அதில் வேறு சரக்குகளும் கலந்திருக்கும், பிடிமானம் போதாது.

அரக்கு இரண்டு பங்குக்குச் செங்கல் தூள் ஒரு பங்கு. செங்கல் தூள் முகத்துக்குப் போடும் பவுடர் பதத்தில் சலித்ததாக இருக்கட்டும். தூள் சேராத அரக்கு ஆறும்போது சுருங்கி இடைவெளி விடும், தட்டினால் நொறுங்கவும் செய்யும். பிடியின் துளையைச் சுரண்டிக் காயவைத்து, கலவையை முக்கால் துளைக்கு நிரப்புங்கள். கத்தியின் அலகுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, பிடிக்குள் போகும் வாலை மட்டும் அடுப்பில் காட்ட வேண்டும். அலகு சூடேறினால் பதம் போய் அப்புறம் தக்காளியைக்கூட நசுக்கத்தான் செய்யும். வால் சிவக்க வேண்டியதில்லை. அரக்குத் துணுக்கு ஒன்றைத் தொட்டால் உடனே உருகி வழிகிற சூடு போதும். துளையில் நேராக வைத்து ஒரே மூச்சில் இறக்கினால் ‘சுர்’ என்று புகை வந்து, விளிம்பில் கருஞ்சிவப்பாகப் பிதுங்கும். அது ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. பிதுங்கியதைச் சூடு தணிந்ததும் கத்தி முனையால் சீவிவிடலாம்.

அரக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். 70, 80 டிகிரிச் சூட்டுக்கே இளக ஆரம்பித்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் கத்தியைப் போட்டுக் கழுவும் வீட்டில் பிடி மறுபடி ஆடும். ஆனால் அந்தக் குறையே தயவும் கூட. மறுபடி சூடு காட்டினால் பழைய அரக்கே திரும்பப் பிடிக்கும்.

பீங்கான் ஜாடி மூடிக்கும் அரக்குத் தகடு ஆகும். இரண்டு துண்டுகளையும் அரக்கு உருகும் அளவுக்குச் சூடேற்றிக்கொண்டு ஒட்டினால் நடுவே செந்நிறக் கோடு தெரியும், அவ்வளவுதான். அலமாரியில் அழகுக்கு வைக்கும் ஜாடியாக இருக்க வேண்டும். ஊறுகாய் போடும் ஜாடிக்கு எந்தப் பசையும் வேண்டாம், புது மூடி வாங்குங்கள்.

குங்கிலியத்தின் இடம்

குங்கிலியம் தனியாகப் பசை ஆகாது. வடக்கே சால மரமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் கருங்குங்கிலிய மரமும் தரும் இந்தச் சரக்கு உருகும்போது நன்றாகத்தான் ஒட்டும். ஆறியதும் தட்டினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எண்ணெயோ மெழுகோ சேர்த்தால்தான் அது வசத்துக்கு வரும். கடற்கரையில் மரக்கலத்தின் பலகை இடுக்கை அடைக்க அதை எண்ணெயோடு சேர்த்தார்கள்.

அதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கும்பாபிஷேகத்துக்கு நாலு நாள் முன்னால் கோயிலுக்குப் போக வேண்டும். நகரத்தார் கோயில்களிலும் சரி, வேறெங்கும் சரி, பொதுவாக மூலவரைப் பீடத்தோடு சேர்ப்பது அஷ்டபந்தன மருந்துதான். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கு. ஒட்டுவதற்கு அரக்கும் குங்கிலியமும், உடம்புக்குக் கல் தூளும் காவியும், விரிசல் ஓடாமல் கட்டிப்பிடிக்கப் பஞ்சு, இளக்கத்துக்கு மெழுகும் வெண்ணெயும். உலக்கையால் மணிக்கணக்கில் இடித்து இடித்துத்தான் அது மெழுகுப் பதத்துக்கு வருகிறது. வைக்கும்போது விரலுக்கு இணங்கும், நாளாக ஆகக் கல்லாக இறுகும். இவ்வளவு பக்குவமாகச் செய்ததையும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துவதுதான் முறை. வெட்டி எடுக்க முடிகிற மருந்தாக அதை அமைத்த கெட்டிக்காரத்தனத்தை நான் வியந்ததுண்டு.

இதை வீட்டில் செய்ய வேண்டாம். ஜாதிலிங்கம் பாதரசச் சரக்கு. அதன் கணக்கை மட்டும் கடன் வாங்கலாம். குங்கிலியம், அதில் கால் பங்கு தேன்மெழுகு, கொஞ்சம் செங்கல் தூள் மூன்றையும் மெல்லிய தீயில் உருக்கினால் கல் தொட்டியின் மேல்விளிம்புக் கீறல், பூந்தொட்டிப் பிளவு போன்றவற்றை அடைக்கலாம். வெளியே திறந்த இடத்தில், மூடி ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது உருக்குங்கள். குங்கிலியம் சட்டென்று தீப்பற்றும்.

மரத்துக்கு

இங்கே மரம் தரும் பசை எதுவும் தேறாது. கழன்ற முக்காலிக் காலைப் பிசின் தாங்காது, அரக்கும் அதிர்ச்சியில் விடும். பழைய ஆசாரிமார்கள் வைத்தது வஜ்ரம். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்க விட்டால் பலம் போய்விடும். வெந்நீர் ஆவி காட்டினால் பிரியும் என்பதால் என் கணக்கில் இது முழு மார்க் வாங்குகிறது. ஆனால் சாமி வீட்டுச் சாமானுக்கு வஜ்ரம் என்றால் பல ஆச்சிமார்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் வீட்டு விஷயம். அந்த இடத்தில் மர ஆணி அடித்து இறுக்கிவிடலாம். பர்மாத் தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம், எந்தப் பசையும் அதில் முழுசாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் நம் வீட்டுக் கதவுகளையும் தூண்களையும் பொருத்தியவர்கள் பசையை நம்பாமல் துளையையும் கழுந்தையும் ஆணியையும் நம்பினார்கள்.

கை வைக்கக் கூடாதவை

பர்மா அரக்குச் செப்பு இருக்கிறதே, கறுப்பிலும் சிவப்பிலும் கோடு கீறி, வெற்றிலைக்கும் நகைக்கும் வைத்திருந்தது. பெயர்தான் அரக்கு. அதில் பூசியிருப்பது பர்மாவில் தித்ஸி என்கிற மரத்துப் பால், உள்ளே மூங்கில் பின்னல். முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் சொந்தக்கார மரம் அது. பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். காய்ந்தபின் சாது, ஆனால் ஒருமுறை இறுகினால் சூட்டிலும் இளகாது, திரும்பக் கரைந்து சேரவும் சேராது. பூச்சி அரக்கை உருக்கி ஊற்றினாலும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாலும் பழைய பூச்சு வெளிறிக் கெடும்.

ஓர் ஆச்சி இப்படி ஒன்றை எடுத்துவந்து, “எங்க ஐயா ரங்கூன்லருந்து கொண்டாந்தது தம்பி, மூடி ஓரம் பேந்துருச்சு, கொஞ்சம் அரக்கை வச்சு விடேன்” என்றார். “ஆச்சி, இதுல கை வச்சா இருக்குறதும் போயிரும். பேந்த சில்லு இருக்கா?” என்று கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். அதை ஓர் உறையில் போட்டு, செப்பின் உள்ளேயே வைத்து, மேலே வெயில் படாத அலமாரிக்கு அனுப்பினேன். “இதுக்குத்தான் இம்புட்டு தூரம் வந்தனா” என்று அலுத்துக்கொண்டார். என்ன செய்ய.

ஓலைச்சுவடிக்கும் இதே பதில்தான். முறிந்த ஓலையை எந்தப் பிசினாலும் ஒட்ட வேண்டாம். ஈரம் பட்டால் ஓலை நெளியும், பிசின் பூச்சிக்குத் தீனி. இரண்டு பலகைக்கு நடுவே வைத்து நூலால் கட்டி, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகம் மாதிரி சுவடி பார்த்துப் பழகியவர்கள் இருக்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையாவது ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம் என்றால் வேலம் பிசினில் ஆரம்பியுங்கள், கெட்டுப்போனாலும் தண்ணீரில் கழுவிவிடலாம். அடுத்தது கத்திப் பிடி. எதைச் செய்தாலும் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அடைமழை நாளில் ஒட்டினால் பிசின் நாள்கணக்கில் காயாது, மைதாப் பசையோ காய்வதற்குள் பூஞ்சை பூத்துவிடும்.